வரன் பார்க்கத் தொடங்கிவிட்ட பெற்றோருக்கு

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், வருகிற தை மாதத்துக்குள் மகள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று ஜாதகக் கட்டோடு அலைந்துகொண்டிருக்கும் அப்பாக்களுக்கும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கும்,

நான் உங்கள் ஊர்க்காரி. நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவள். உங்களில் பலரை அண்ணாச்சி என்றும் மதினி என்றும் கூப்பிட்டுப் பழகிய உரிமையில் எழுதுகிறேன்.

கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "பிள்ளை இப்பத்தான் செகண்ட் இயர் படிக்கா. ஆனா நம்ம ஆளுக கொஞ்சம் பேருதான? நல்ல இடம் வந்தா விட்டுட முடியுமா?" இந்தப் பேச்சின் முதல் பாதிக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டாம் பாதிக்குத்தான் இந்த மடல்.

நம்ம ஆளுக கொஞ்சம் பேர்தான். உண்மை. ராஜுக்கள், கம்மவார், ரெட்டியார் என்று இந்தப் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பலவும் விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கேயிருந்து வந்தவர்களின் வழி. வந்த இடத்தில் கோட்டை கட்டினோம், கரிசலை உழுதோம், பிற்காலத்தில் மில் வைத்தோம். இந்த ஊரிலிருந்து புறப்பட்ட பூ.ச. குமாரசாமி ராஜா 1949-இல் சென்னை மாகாணத்தின் முதல்வரே ஆனார். ஆனாலும் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வந்ததும், நேற்று வண்டி கட்டி வந்து இறங்கியவர்களைப் போல ஒரு பயம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. கலந்துவிடுவோமோ, கரைந்துபோவோமோ என்ற பயம். சிறு கூட்டமாக வாழ்கிறவர்களுக்கு அந்தப் பயம் இயல்பு என்பதை மறுக்க மாட்டேன். அதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைக்கிறோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் இறக்கிவைக்கிறோம்.

நம்மைவிடச் சிறிய கூட்டம் ஒன்று, நம்மைவிடப் பல நூற்றாண்டுகள் முன்னால் இந்த நாட்டுக்கு வந்து இதே பயத்தோடு வாழ்ந்திருக்கிறது. பார்சிகள். ஜரதுஷ்டிரரின் சமயத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஈரானிலிருந்து கடல் வழியே வந்து குஜராத்தின் சஞ்ஜான் கரையில் இறங்கியவர்கள். அந்த வருகையின் கதையை 1599-இல் பாரசீகச் செய்யுளாக எழுதிவைத்திருக்கிறார்கள். தாய்மொழியை விட்டுவிட்டுக் குஜராத்தியை வீட்டுமொழி ஆக்கிக்கொண்டார்கள். புனித நெருப்பையும் இடுப்பில் கட்டும் புனித நூலையும் கல்யாணத்தையும் மட்டும் விடவில்லை. நாம் மொழியை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள். கல்யாண விஷயத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றுதான். மாப்பிள்ளையும் நம்மாள், பெண்ணும் நம்மாள்.

தமிழ்நாட்டிலும் பார்சிகள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே சிலர் சென்னைக்கு வந்து ராயபுரத்தில் குடியேறினார்கள். அங்கே இருக்கும் அக்னி கோவில் 1910-இல் எழுந்தது. பிரோஜ் கிளப்வாலா என்பவர், சிறுவயதில் இறந்துபோன தன் மகன் ஜால் நினைவாகக் கட்டிக்கொடுத்தது அது.

அந்தக் கிளப்வாலா என்ற பெயரைத்தான் நான் முதலில் அறிந்தேன். எழும்பூரில் சென்னை சமூகப் பணிப் பள்ளியில் படித்தபோது, 1952-இல் அதைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவைப் பற்றிப் பேசாத ஆசிரியர் இல்லை. நான் சேர்ந்த காலத்தில் அவர் உயிரோடு இல்லை. பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் என்று மூன்றும் பெற்றவர், சென்னையின் ஷெரீப்பாக இருந்தவர் என்ற பெருமைகளை அப்போது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவருடைய கல்யாணத்தைப் பற்றி யோசித்தது வெகுநாள் கழித்து, நம் ஊர் மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

மேரி 1909-இல் உதகமண்டலத்தில் பிறந்தவர். அப்பா ருஸ்தம் பட்டேல், அம்மா அல்லாமாய். பள்ளிப் படிப்பு சென்னையில். அப்போது சென்னையிலிருந்த பார்சிகள் ஏறக்குறைய முந்நூறு பேர். அந்த முந்நூறு பேருக்குள்ளிருந்து நோகி கிளப்வாலாவுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தபோது வயது பதினெட்டு. இவ்வளவு சிறிய கூட்டத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை எப்படி அமையும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற சாரதா சட்டமே 1929-இல்தான் வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் பார்சிகள் மற்றவர்களைவிட முன்னே போயிருந்தார்கள். எப்போதும் அப்படி இருந்தவர்கள் இல்லை. தாதாபாய் நௌரோஜிக்கு அவருடைய பதினோரு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். குழந்தை மணத்தை எதிர்த்து 1884-இல் பெரிய விவாதத்தைக் கிளப்பிய பெஹ்ராம்ஜி மலபாரியும் ஒரு பார்சிதான். தன் கூட்டத்துக்குள்ளிருந்தே கேள்வி கேட்க ஆள் வந்ததால் அவர்கள் மாறினார்கள்.

மேரிக்கு 1930-இல் ஒரு மகன் பிறந்தான். 1935-இல் நோகி நோயில் இறந்துபோனார். இருபத்தாறு வயது, கையில் சிறு பிள்ளை.

இந்த இடத்தில், மில்லில் நான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் இடுப்பில் குழந்தையோடு கேட்டில் நின்றாள். காவலாளி என் அறைக்கு அனுப்பிவைத்தார். தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தென்காசி ரோட்டில் பைக்கில் போன மாமன் வீடு திரும்பவில்லை. "என்னம்மா படிச்சிருக்க?" என்று கேட்டேன். "பி.காம் ரெண்டாவது வருஷத்தோட நிப்பாட்டிட்டாங்க மேடம். கல்யாணம் முடிஞ்சு எழுதலாம்னு சொன்னாங்க" என்றாள். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவள் அப்பாவை எனக்குத் தெரியும், மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். அவள் கழுத்தில் போட்டு அனுப்பிய நாற்பது பவுனில் அப்போது கையில் எவ்வளவு மிச்சம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது, காதில் கிடந்தது கவரிங். பிளஸ் டூ மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் பையில் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண். அதை வைத்து ஆபீஸ் வேலை கேட்க முடியாது. கோன் வைண்டிங் பிரிவில் சேர்ந்தாள். நாலு வருடம் கழித்து அஞ்சல் வழியில் பட்டத்தை முடித்து, இப்போது சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அந்த நாலு வருடத்தை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

மேரிக்குப் பணம் இருந்தது, குடும்பம் இருந்தது, வாழ்ந்தது சென்னையில். மில் கேட்டில் நின்ற பெண்ணையும் அவரையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் ஒன்றைப் பாருங்கள். கணவன் இறந்த பிறகு மேரியை அறைக்குள் உட்காரவைத்து யாரும் கதவைச் சாத்தவில்லை. அவர் வெளியே வந்து வேலை செய்தார். கில்டு ஆஃப் சர்வீஸ் அமைப்பைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஆனார். 1942-இல், போர்க்காலத்தில், படைவீரர்களின் நலனுக்காக இந்திய விருந்தோம்பல் குழுவைத் தொடங்கினார். அதே துறையில் பணி செய்துகொண்டிருந்த மேஜர் சந்திரகாந்த் ஜாதவைப் பின்னாளில் மணந்துகொண்டார். அவர் பார்சி இல்லை. மேரி, முதல் கல்யாணத்தில் வந்த பெயரோடு இரண்டாவது கல்யாணத்தில் வந்த பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டார். இரண்டும் அவருடைய வாழ்க்கை, எதை மறைக்க வேண்டும்? நம் வீடுகளில் இருபத்தாறு வயதில் தாலி இழந்த பெண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோமா என்று உங்கள் தெருவை ஒருமுறை நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

பார்சிகளின் கல்யாணச் சடங்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை பிடிக்கிறார்கள். இருவரையும் சுற்றி ஏழு சுற்று நூல் சுற்றுகிறார்கள். திரை விழுந்ததும் ஒருவர்மேல் ஒருவர் அரிசியை எறிகிறார்கள், யார் முதலில் எறிவது என்று சொந்தக்காரர்கள் கூச்சல் போடுகிறார்கள். தெலுங்குக் கல்யாணங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் எது புதிது? நாமும் திரை பிடிக்கிறோம். சீரகமும் வெல்லமும் தலையில் வைத்துத் திரையை இறக்குகிறோம். தலம்பிராலு என்று அரிசியை அள்ளி அள்ளி ஒருவர் தலையில் ஒருவர் கொட்டுகிறோம். எங்கோ பாரசீகத்திலிருந்து வந்தவர்களும் எங்கோ கிருஷ்ணைக்கரையிலிருந்து வந்தவர்களும் அரிசியையும் திரையையும் ஒரே மாதிரி கையாள்கிறார்கள்.

நம்மிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் சேர்ந்திருக்க மனமொப்பிச் சம்மதிக்கிறாயா என்று புரோகிதர் சாட்சிகளின் முன்னால் மாப்பிள்ளையைக் கேட்கிறார், பெண்ணையும் கேட்கிறார். பெண் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் எத்தனை கட்டாயம் இருந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். பெரியவர்கள் முடிவு செய்துவிட்டுப் பெண்ணை மேடையில் ஏற்றியிருப்பார்கள். ஆனாலும் கேள்வி இருந்தது. அவள் குரல் அந்த மண்டபத்தில் ஒருமுறையாவது கேட்டது. நம் முகூர்த்தத்தில் கெட்டிமேளம் கேட்கிறது, மந்திரம் கேட்கிறது, பெண்ணின் குரல் எங்கே கேட்கிறது?

எனக்கும் அத்தை வீட்டில்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துவிட்டுப் போன பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். என் கணவர் நல்ல மனிதர். என் அத்தை, அதாவது என் மாமியார், "படிக்கணும்னா படி" என்று சொல்லி என்னைச் சமூகப் பணிப் பள்ளிக்கு அனுப்பிவைத்தவர். என் வாழ்க்கை நல்லபடி அமைந்தது என்றால் அது அவர்கள் குணத்தால். வேறு குணம் உள்ள வீட்டுக்கு அதே முறையில் போன என் சித்தப்பா மகளின் கதை வேறு. அவளையும் யாரும் கேட்கவில்லை, என்னையும் யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரையும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான் அனுப்பினார்கள்.

சொந்தத்தில் கொடுப்பதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. நெருங்கிய உறவில் கல்யாணம் நடப்பதில் இந்தியாவிலேயே முன்னணியில் இருக்கிறது தமிழ்நாடு. நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் அப்படித்தான். சாதாரணமாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறைபாடு வரும் என்றால், அத்தை, மாமன் பிள்ளைகளை மணந்தவர்களின் குழந்தைகளுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே எடுத்தும் கொடுத்தும் வந்த குடும்பங்களில் ஆபத்து இன்னும் கூடும். பார்சிகளும் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள். ரத்தச் சிவப்பணுவைப் பாதிக்கும் ஜி6பிடி குறைபாடு அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. சொத்து வெளியே போகக்கூடாது என்று சொந்தத்தில் கொடுக்கிறோம். அந்தச் சொத்தை மதுரைக்கும் சென்னைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பங்களை நம் ஊரில் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

சரி, இவ்வளவு கட்டுப்பாட்டோடு இருந்த பார்சிகளின் எண்ணிக்கை என்ன ஆயிற்று? 1941-இல் 1,14,890 பேர். 2001-இல் 69,601. 2011-இல் 57,264. அரசாங்கமே 2013-இல் 'ஜியோ பார்சி' என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பணம் கொடுக்கிற நிலை. வெளியே கட்டிக்கொண்டவர்களால்தான் குறைந்தோம் என்று சொல்கிற பெரியவர்கள் அவர்களிலும் உண்டு. ஆராய்ந்தவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது வேறு காரணங்களை: கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள், மிகத் தாமதமாகச் செய்துகொண்டவர்கள், பிறப்பைவிட இறப்பு அதிகமானது.

இதைச் சொன்னால் உங்களில் சிலர், "பாத்தியா, அதான் சீக்கிரம் கட்டிக்கொடுக்கணும்ங்கிறோம்" என்பீர்கள். அந்த வாதத்தை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கூட்டத்தின் தலைக்கணக்கை நிரப்ப வேண்டிய கடன் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. அதோடு, அந்தக் கூட்டம் தன் மகள்களை நடத்திய விதத்தையும் பாருங்கள். ஆர்.டி. டாடா என்ற பார்சித் தொழிலதிபர் சூசன் பிரியேர் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்து, அவரைத் தம் சமயத்தில் சேர்க்கும் சடங்கும் செய்துவைத்தார். அதையொட்டி எழுந்த வழக்கில் 1908-இல் பம்பாய் உயர்நீதிமன்றம், பார்சி அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைகள் சமயத்தில் சேர்க்கப்பட்டால் பார்சிகள் என்று ஏற்றது. வெளியே மணந்த பார்சிப் பெண்ணின் பிள்ளைகளுக்கு அந்த இடம் இல்லை. மகன் யாரைக் கட்டினாலும் அவன் பிள்ளைகள் உள்ளே. மகள் கட்டினால் வெளியே. நூறு வருடம் கழித்தும் கூல்ரோக் குப்தா என்ற பெண், இந்துவை மணந்த காரணத்துக்காகத் தன்னைப் பெற்றவர்களின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளும் உரிமைக்கு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2012-இல் குஜராத் உயர்நீதிமன்றத்தில் தோற்றார். 2017-இல் வழக்கு உச்சநீதிமன்றத்தில் இருக்கும்போதுதான் வல்சாட் பார்சி அஞ்சுமன் அவரை அனுமதிக்க ஒப்புக்கொண்டது. படித்தவர்கள், பணக்காரர்கள், ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுத்த உத்தமர்கள். தங்கள் வீட்டு மகளை வாசலில் நிறுத்திவைத்தார்கள்.

நம் ஊரில் கோர்ட்டுக்குப் போவதில்லை. பேச்சை நிறுத்திவிடுகிறோம். வேறு ஆளைக் கட்டிக்கொண்டு போன மகள், அம்மாவின் காரியத்துக்கு வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். நாம் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிற பெருமை, பெற்ற மகளைத் தெருமுனையில் நிறுத்தித்தான் நிற்கும் என்றால் அது என்னத்துக்கு மதினி?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மார்கழி பிறந்தால் உங்கள் பெண்கள் திருப்பாவை சொல்கிறார்கள். கல்யாணம் தள்ளிப்போனால் வாரணமாயிரம் சொல்லச் சொல்கிறீர்கள். ஆண்டாள் சந்நிதியில் மாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுற்றிவரச் சொல்கிறீர்கள். அந்தப் பதிகத்தைப் பாடியவள் யார்? துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தை, குலம் கோத்திரம் தெரியாதவள். மனிதர் யாருக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன் என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னவள். தனக்கு யார் வேண்டும் என்று தானே முடிவு செய்தவள். குருபரம்பரைக் கதையில் அவளை வளர்த்த அப்பா பெரியாழ்வார் என்ன செய்தார்? "யாரைக் கட்டிக்கொள்ள நினைக்கிறாய்?" என்று கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டுக் கலங்கினார், ஆனால் அவளுக்காக வேறு வரன் பார்க்கப் போகவில்லை. ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆடிப்பூரத்தன்று நாம் வடம் பிடித்து இழுக்கிற அந்தப் பெரிய தேரில் இருப்பவள், கேட்டதற்குத் தன் வாயால் பதில் சொன்ன மகள். அதே கோவிலில் பெரியாழ்வாரும் இருக்கிறார். அந்த அப்பாவையும் கொஞ்சம் சேவியுங்கள் அண்ணாச்சி.

கல்யாணமே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. பெற்றவர்கள் பார்த்து வைக்கும் கல்யாணத்தையும் குறை சொல்லவில்லை. நான் கேட்பது முன்பின் வரிசையை மாற்றச் சொல்லித்தான். படிப்பு முடியட்டும், பட்டம் கையில் வரட்டும், ஒரு வருடமாவது சொந்தச் சம்பளத்தைக் கண்ணால் பார்க்கட்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்தப் பணம் முன்னே கல்யாண உதவித் திட்டத்தில் தாலித் தங்கத்தோடு வந்துகொண்டிருந்தது. 2022-இல் அதைப் படிப்புக்கு மாற்றினார்கள். அரசாங்கமே வரிசையை மாற்றிவிட்டது, நாம் மாற்றக்கூடாதா?

வரன் வந்துவிட்டது என்றால், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிளறுவதற்கு முன்னால் மகளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அத்தையும் சித்தியும் சுற்றி நின்றால் அவள் தலையைத்தான் ஆட்டுவாள். அம்மா கேட்டால் அழுவாள். அப்பா கேட்பது நல்லது, நம் வீடுகளில் அவர்தான் இதைக் கேட்டதே இல்லை. "உனக்குச் சம்மதமா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "வேண்டாம்னு சொன்னா யாரும் உன்னைத் திட்ட மாட்டோம்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்தத்தில் என்றால் தட்டு மாற்றுவதற்கு முன்பே இரண்டு பேரையும் மரபணு ஆலோசனைக்குக் கூட்டிப் போங்கள், மதுரையில் பார்க்கலாம். அவளுடைய சான்றிதழ்களும் வங்கிப் புத்தகமும் சீர்வரிசை பீரோவுக்குள் மாமியார் வீட்டுச் சாவியின் கீழ் போகாமல் அவள் கைப்பையில் இருக்கட்டும்.

அவள் "யோசிச்சுச் சொல்றேன்ப்பா" என்றால் அவளுக்கு நாள் கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, "பிள்ளை யோசிக்கணும்னு சொல்றா, பத்து நாள் பொறுங்க" என்று சொல்லுங்கள். அதற்கே முகம் சுளிக்கிற வீடு என்றால், முகூர்த்தத்துக்கு முன்பே தெரிந்துகொண்டீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி